மொட்டை மாடியில் நாலு பேர்

குடியாத்தம்
பங்குனி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து மிச்சமான பரீட்சைத் தாளை எடுத்து வைத்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி உங்கள் நாலு பேர் பேச்சு மூணு மணி வரை நீள்கிறது என்றாய். மனசு, சாவு, சுதந்திரம், ‘நான்’ என்பது எது என்றெல்லாம் பேசுகிறீர்கள். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் உங்களில் ஒருத்தி தன் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். நீங்கள் மூன்று பேரும் அது ட்ராமா என்கிற மனக்காயம், இது அட்டாச்மென்ட் என்கிற பாசப் பிணைப்புப் பிரச்சினை என்று மாறி மாறி விளக்கியிருக்கிறீர்கள். அவள் அதற்கப்புறம் வரவே இல்லை. “உதவி பண்ணத்தானேம்மா சொன்னோம், எங்க தப்பாச்சு?” என்று கேட்டாய். வைக்கும்போது, “உங்க காலத்துல இதெல்லாம் பேச ஆளே இருந்திருக்காது இல்ல?” என்றும் சொன்னாய்.

ஆள் இருந்தார்கள் கண்ணு. உனக்கு அவர்களைத் தெரியும். நாங்கள் என்ன பேசினோம் என்பதுதான் உனக்குத் தெரியாது.

கரண்ட் வராத அந்த வருஷங்களை நினைத்துப்பார். குடியாத்தத்து வெயில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரிலிருந்து இறங்காது. சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். பக்கத்து வீட்டுச் சரித்திர மிஸ் வருவார். பாகாயத்து அத்தை வருவார். கோடிவீட்டுப் பெரியம்மா பீடி முறத்தோடு ஏறி வருவார். ஊர்க்கதை பேசுகிறோம் என்றுதான் உன் அப்பாவும் நினைத்திருந்தார். கொஞ்சம் அதுவும் பேசினோம். ஆனால் சரித்திர மிஸ் கையில் எப்போதும் கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்று இருக்கும். பாகாயத்து அத்தை வேலூர் பாகாயத்தில் இருக்கிற மனநல மையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 1957-ல் தொடங்கிய இடம் அது. பைத்தியம் என்றால் சங்கிலி என்று இருந்த காலத்தில் குடும்பத்தையே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். “மருந்து பாதி, கூட இருக்கற மனுசங்க பாதி” என்று அத்தை சொல்வார். அங்கே பார்த்த யாருடைய பெயரையும் ஊரையும் அவர் வாயிலிருந்து நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

2011 என்று நினைவு. நூலகத்திலிருந்து ஒரு உளவியல் புத்தகம் எடுத்து வந்து ஒரே மூச்சில் படித்திருந்தேன். செலிக்மன், மேயர் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த சோதனை அதில் இருந்தது. தப்பிக்க வழியே இல்லாமல் ஷாக் வாங்கிய நாய்கள், பிறகு தாண்டிப் போகச் சின்னத் தடுப்பு மட்டும் இருந்த பெட்டியில் விட்டபோதும், பெரும்பாலும் தாண்டாமல் படுத்தே கிடந்தன. எது செய்தாலும் பயனில்லை என்று பழகிவிட்டதால் அப்படி என்று எழுதியிருந்தது. எனக்கு ஒரே பரபரப்பு. அன்றைக்கு ராத்திரி கோடிவீட்டுப் பெரியம்மா, குடித்துவிட்டு வந்து பெரியப்பா கை வைத்ததைச் சொன்னார். வழக்கம்போலப் பீடி சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். நான் உடனே அந்தச் சோதனையை முழுக்க விளக்கி, “உங்களுக்கும் அதுதான் அக்கா நடந்திருக்கு” என்றேன்.

பெரியம்மா கை நின்றது. அவர் கை நின்று நான் பார்த்ததே இல்லை. இலையை ஈரத்துணியில் சுற்றினார், தூளை மூடினார், முறத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். படியில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “டீச்சரு, நான் நாயின்னு சொல்றதுக்கு இம்மாம் பெரிய புக்கு இன்னாத்துக்கு?”

பதினோரு நாள் அவர் வரவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் இன்னும் நாலு வாக்கியம் விளக்கம் பேசிவிடுவேனோ என்று எனக்கே பயம். பாகாயத்து அத்தைதான், “போய்ப் பேசாத. போய் உக்காரு” என்றார். போனேன். திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அளவுத் தகட்டை வைத்து இலை வெட்டினேன். எனக்குச் சரியாக வெட்ட வராது. நான் வெட்டியதை அவர் பேசாமல் வாங்கித் திரும்பவும் ஓரம் நறுக்கிக்கொண்டார். முதல் நாள் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் நாள் டீ கொடுத்தார். மூன்றாம் நாள் தானாகவே சொன்னார். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறார், அதில் நூறு பீடிக் காசு பெரியப்பாவுக்குத் தெரியாது. ஏழு வருஷமாக அது ஒரு நகைக்கடைச் சீட்டில் போய்க்கொண்டிருக்கிறது. பெண்ணை நர்ஸிங் சேர்க்க அதில்தான் முதல் வருஷப் பணம் கட்டினார். எந்த ராத்திரி எந்தக் கதவை உள்ளே தாழ் போடுவது, எந்த அக்கா வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. நான் கணக்கு டீச்சர். அந்தக் கணக்கைக் கேட்கவே இல்லை.

நீ சைக்காலஜி படிக்கிறவர்களோடு பேசுகிறாய் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்தச் சோதனையைச் செய்த அதே இரண்டு பேரும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், தங்கள் விளக்கம் தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். செயலற்றுப் போவதை உயிர் கற்றுக்கொள்வதில்லை. விடாத துன்பத்தில் மூளை முதலில் போகும் நிலையே அதுதான். ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆராய்ந்தவர்களே ஐம்பது வருஷம் கழித்துத் திருத்திக்கொண்ட ஒன்றை ஒரு ராத்திரிப் படிப்பில் நான் ஒரு மனுஷி நெற்றியில் ஒட்டினேன். படித்ததில் தப்பில்லை. அவர் சொல்லி முடிக்கும் முன்பே அதை எடுத்து நீட்டியதுதான் தப்பு. உங்கள் சிநேகிதிக்கும் அதுவே நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் அப்பாவைப் பற்றி என்ன சொன்னாள் என்று நான் போனில் கேட்டபோது உனக்கு நினைவு வரவில்லை. நீங்கள் கொடுத்த விளக்கம் மட்டும் முழுசாக நினைவிருந்தது.

பெரியம்மா திரும்ப மாடி ஏறினார். அதற்கப்புறம்தான் எங்கள் பேச்சு வேறு மாதிரி ஆனது.

2012 வைகாசி. அம்மன் தலையை ஊர்வலமாகத் தூக்கி வருகிற கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுநாள் ராத்திரி. காலெல்லாம் வலி, கோபாலபுரம் வரை கூட்டத்தில் நடந்த வலி. ஆற்றங்கரையில் உடைத்த தேங்காய் வாசனை புடவையிலிருந்து இன்னும் போகவில்லை. சரித்திர மிஸ்தான் ஆரம்பித்தார். “வருஷா வருஷம் அந்தத் தலையைப் பார்க்கிறேன், வருஷா வருஷம் கோபம் வருது” என்றார். உனக்குத் தெரிந்த கதைதான். அந்தத் தலை ரேணுகாவுடையது. அவள் ஆற்று மணலிலேயே குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டு வருகிறவள். ஒரு நாள் தண்ணீரில் கந்தர்வன் நிழலைப் பார்த்தாள். அழகாக இருக்கிறானே என்று ஒரு கணம் தோன்றியது. குடம் கரைந்தது. புருஷன் சொல்ல, பெற்ற பிள்ளையே தலையை வெட்டினான். அப்புறம் வரம் வாங்கித் தலையை ஒட்ட வைத்தபோது அது வேறொரு பெண்ணின் உடம்பில் சேர்ந்தது.

“அவ ஒண்ணும் செய்யல. நினைச்சா. அதுவும் வேணும்னு நினைக்கல, தோணிச்சு. தோணினதுக்குத் தலையா?” என்றார் மிஸ்.

வெகு நேரம் யாரும் பேசவில்லை. பெரியம்மா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னார். “வெட்டினவன யாரு தூக்கிக்கினு வர்றாங்க? ஊரே தோணின தலையத்தான தூக்கிக்கினு வருது.”

அதைக் கேட்டதும்தான் கண்ணு, பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை நான் சொன்னேன். நீ அப்போது கீழே எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாய்.

நீ பிறந்து இருபது நாள் இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கம் பாட்டி வீடு. கொல்லையில் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணறு. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். ‘கையை விட்டுவிட்டால்?’ என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, மூச்சு விடுகிறாயா என்று ராத்திரி பத்து தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். அதற்கப்புறம் அந்த நினைப்பு தினமும் வந்தது. வரக்கூடாது என்று நினைக்க நினைக்க வந்தது. இடுப்பு வலி என்று பொய் சொல்லி உன்னைக் குளிப்பாட்டுவதைப் பாட்டியிடம் விட்டேன். கொல்லைக் கதவைத் தாழ் போட்டேன். நான் தாய் இல்லை, பேய் என்று முடிவு செய்திருந்தேன். ஐந்தாறு மாதத்தில் அது தானாகப் போய்விட்டது. அந்த முடிவு போகவில்லை.

சொல்லி முடிக்கும்வரை பெரியம்மா இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். வியன்னாவில் மனசை ஆராய்ந்த டாக்டர் பிராய்ட் தன்னிடம் வருகிறவர்களைப் படுக்க வைத்துவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் தலைமாட்டுப் பக்கம் உட்காருவாராம். நீங்கள் பேசும்போது வட்டமாக, முகத்துக்கு முகம் உட்காருகிறீர்களா?

பாகாயத்து அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த நினைப்பு வந்தப்போ நீ இன்னா பண்ண?”

“கிணத்துப் பக்கமே போகல.”

“அதான் நீ.”

அவ்வளவுதான். அந்த ராத்திரி அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நினைப்பு பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு வரும், அதைக் கண்டு நடுங்குகிறவள் அதைச் செய்கிறவள் இல்லை, டாக்டர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் நானே கேட்ட பிறகு, இரண்டு வாரம் கழித்துத்தான் விளக்கினார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார், அதை உனக்கும் எழுதி வைக்கிறேன். பிள்ளை பெற்றவள் நாள்கணக்கில் தூங்காமல், யாரோ செய் செய் என்று சொல்கிற குரல் கேட்கிறது என்றோ, இது என் பிள்ளையே இல்லை என்றோ பேசினால் அது வேறு. அங்கே பேச்சும் சிநேகிதமும் போதாது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அவளைத் தனியே விடக்கூடாது.

மிஸ் மறுவாரம் ஒரு கதை கொண்டு வந்தார். 1,800 வருஷத்துக்கும் முன்னால் கடலில் புயல். கப்பலில் இருந்த ஸ்டோயிக் தத்துவவாதி ஒருவர், எதற்கும் கலங்காமல் இருக்கப் பழகு என்று சொல்கிற பழைய கிரேக்க வழியைச் சேர்ந்தவர், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கரைக்கு வந்த பிறகு ஒருவர் கேட்டார், எதற்கும் கலங்காதவர் நீங்கள் எப்படி வெளுத்துப் போனீர்கள் என்று. அவர் அதே வழியைச் சேர்ந்த ஆசிரியர் எபிக்டெட்டஸ் சொன்னதை எடுத்துக் காட்டினார். மனசில் வந்து மோதுகிற முதல் தோற்றம் ஞானிக்கும் வரும், முகமும் வெளுக்கும். அதற்கு ஆமாம் போடுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது. எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனம் என்றும் மிஸ் சொன்னார். அது எனக்கு முக்கியமாகப் பட்டது. கையில் எதுவுமே இல்லாமல் இருந்தவன்தான் கையில் இருப்பது எது என்று அவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறான்.

நீ போன வருஷம் சொன்னாயே, 1987-ல் வெக்னர் என்பவர் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி, நினைப்பு வரும்போதெல்லாம் மணி அடிக்கச் சொன்னார் என்று. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று பாட்டி சொன்னதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நீ அதைச் சொன்னபோது எனக்குக் கொல்லைக் கதவுதான் ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. உனக்குப் பிள்ளை பிறந்தால் அப்போது சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பிள்ளை வேண்டுமா என்பதே உன் இஷ்டம், அதற்குக் காத்திருந்து இதைச் சொல்வது சரியில்லை என்று இன்று தோன்றியது. படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றினாலும் தோன்றட்டும். உடனே போன் பண்ண வேண்டாம். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்.

வராமல் போன அந்தச் சிநேகிதியை முதலில் பார். மெசேஜ் அனுப்பி விளக்கம் எழுதாதே. சனிக்கிழமைக்குக் காத்திருக்காதே. சாயங்காலம் அவள் ரூமுக்குப் போய், அவள் துணி மடித்தால் நீயும் மடி, காய் நறுக்கினால் நீயும் நறுக்கு. அவள் அப்பாவைப் பற்றி நீயாக எடுக்காதே. அவள் எடுத்தால் நடுவில் எதுவும் சொல்லாதே. முடித்த பிறகு, அவள் என்ன செய்தாள் என்று கேள். நம்மிடம் இருக்கிற எந்தப் பெயரும் அவள் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிற கணக்குக்குப் பக்கத்தில் வராது.

அவளுக்கு விடுப்பு கிடைக்குமானால் வைகாசிக்கு இரண்டு பேரும் வாருங்கள். சிரசு வைகாசி ஒன்றாம் தேதி. காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் குடியாத்தம். பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் முறத்தை விடவில்லை, விரலாலேயே இலை ஓரத்தைத் தடவிப் பார்த்து வெட்டுகிறார். பாகாயத்து அத்தைக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது. அதனால் பாயை வாசலில் போடுகிறோம்.

அம்மா