அப்பாவின் பெயரில் ஐந்து வருடம்

சிப்பாட்டா, சாம்பியா
2023 ஒக்டோபர்

அன்புள்ள மகளுக்கு,

கட்டடம் வேண்டாம், பிள்ளை. கனடாவில் நீயும் உன் வேலையிடத்து நண்பர்களும் சேர்த்திருக்கும் காசில் அப்பாவின் பெயரால் இங்கே ஒரு கிராமப் பள்ளியில் நூலகம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என் பதில் இதுதான். காரணத்தை விரிவாக எழுதுகிறேன். உன் நண்பர்களுக்கும் வாசித்துக் காட்டு.

நீ படித்த காலத்தை வைத்து இங்குள்ள பிள்ளைகளின் நிலையை நினைக்காதே. நீ நகரத்தில், ஆசிரியர் விடுதியிலிருந்து பத்து நிமிட நடையில் பள்ளிக்குப் போனவள். அப்பாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்த பள்ளிக்குத் தூரக் கிராமப் பிள்ளைகள் மிகக் குறைவாகத்தான் வந்து சேர்ந்தார்கள். வராதவர்களை நாங்கள் கண்டதே இல்லை. ஓய்வுக்குப் பிறகு லுண்டாசி வீதியோரக் கிராமங்களுக்குப் போய்வரத் தொடங்கியதால்தான் அவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது பள்ளிக்கூடம் இலவசம். 2002 இல் 7 ஆம் வகுப்பு வரை கட்டணத்தை நீக்கினார்கள். மேல் வகுப்புகளுக்கு அந்த நன்மை வர இன்னும் இருபது வருடம் எடுத்தது. 2022 ஜனவரியிலிருந்து அரசுப் பள்ளிகளில் 12 ஆம் வகுப்பு வரை படிப்புக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கட்டணமும் இல்லை. அதே வருடம் 30,000க்கு மேற்பட்ட ஆசிரியர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். இந்த நாடு நம்பியிருந்த செம்பின் விலை விழுந்து அரசு கையை விரித்த எண்பதுகளையும், எச்.ஐ.வி. ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒருங்கே கொண்டுபோன தொண்ணூறுகளையும் பார்த்தவள் நான். இதன் பெறுமதி எனக்குத் தெரியும்.

பிறகும் ஏன் பிள்ளைகள் வீட்டில் நிற்கிறார்கள் என்று உன் சிநேகிதி கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். பற்றுச்சீட்டு எழுதித் தரும் செலவைத்தான் அரசு நீக்கியிருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாத செலவுகள் அப்படியே கிடக்கின்றன. சீருடை, அதைத் தோய்க்கச் சவர்க்காரம், கல்லுப் பாதையில் நடக்கச் செருப்பு, கொப்பி, பேனை, இரவில் படிக்க ஒரு சின்ன விளக்கு, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துணி. 2002 இல் சீருடை கட்டாயமில்லை என்றே அரசு சொன்னது. ஆனால் வகுப்பில் எல்லோரும் சீருடையில் இருக்கக் இடுப்பில் சுற்றிய கிழிந்த சித்தெங்கேத் துணியோடு ஒரு பதின்மூன்று வயதுப் பெண் உள்ளே போவாளா? யாரும் துரத்தாமலே அவள் நின்றுவிடுவாள். பதிவேட்டில் 'வரவில்லை' என்ற அடையாளம் மட்டும் நீண்டுகொண்டே போகும்.

ஜனவரியில் இங்கே பள்ளி வருடம் தொடங்குகிறது. அதே ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் கிராமங்களில் பட்டினி மாதங்கள். போன வருடச் சோளம் களஞ்சியத்தில் முடிந்திருக்கும், புதியது ஏப்ரல் மேயில்தான் வீட்டுக்கு வரும். கச்சானோ பருத்தியோ விற்ற காசு நத்தாருக்கு முன்பே கரைந்துபோயிருக்கும். பெற்றோரின் கையில் ஒரு சதமும் இல்லாத அந்த வாரத்தில்தான் புதுக் கொப்பியும் புதுச் சீருடையும் கேட்கப்படுகின்றன. காலையில் ஒன்றும் உண்ணாமல் எட்டுக் கிலோமீற்றர் நடந்து வந்த பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலையை வைத்துத் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அரசின் பள்ளி உணவுத் திட்டம் நல்லது, ஆனால் எல்லாப் பள்ளிகளையும் எட்டவில்லை.

நூலகத்துக்கு வருகிறேன். அப்பா புத்தகப் பிரியர், அதனால்தான் உனக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. ஆனால் 1990களில் மேற்குக் கென்யாவின் புசியாப் பகுதியில் நடந்ததைக் கேள். பாடப்புத்தகம் இல்லாததுதான் குறை என்று நினைத்துப் பல பள்ளிகளுக்குப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் சராசரிப் புள்ளிகள் உயரவில்லை. ஏற்கனவே நன்றாகப் படித்த சிலருக்கு மட்டும் பயன் கிடைத்தது. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. அதே பகுதியில் 1998 இலிருந்து குடற்புழு மாத்திரை கொடுத்தபோதோ பள்ளிக்கு வராமல் நிற்பது கால்பங்கு குறைந்தது. இந்த ஆய்வுகளில் பங்கெடுத்த மைக்கல் கிரெமருக்கு 2019 இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு மாத்திரையை யார் படம் எடுத்துச் சுவரில் மாட்டப்போகிறார்கள்? பிள்ளை வகுப்பில் இருக்கிறாள், எனக்கு அது போதும்.

சாம்பியாவிலும் 2014 இலிருந்து முதல் நான்கு வகுப்புகளையும் ஊர்மொழியில் படிப்பிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நியாஞ்ஜா. கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாக ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் வந்தால் அதிபரின் அறையில் பூட்டிவைப்பார்கள், அதுதான் நடக்கும்.

இந்த மக்கள் படிப்பின் மதிப்பு தெரியாதவர்கள் என்று உன் நண்பர்களில் யாராவது நினைத்தால் தயவுசெய்து திருத்து. 1964 இல் சுதந்திரம் கிடைத்தபோது இந்த நாடு முழுவதிலும் பட்டதாரிகள் நூறு பேரளவில்தான் இருந்தார்கள். பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்க மக்களிடம் நன்கொடை கேட்டபோது காசில்லாத கிராமத்தவர்கள் சோளமும் கோழியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1966 இல் சாம்பியாப் பல்கலைக்கழகம் அப்படித்தான் எழும்பியது. இன்றும் அரசுப் பள்ளி இல்லாத இடங்களில் பெற்றோர்களே செங்கல் அறுத்துச் சூளை வைத்துச் சமூகப் பள்ளி கட்டி, படிப்பிக்க வரும் இளைஞனுக்குச் சோளமும் கொடுக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் இதே தவறான எண்ணம் உண்டு. 1991 இல் ஆன் கொட்டன் என்ற பிரித்தானியப் பெண் சிம்பாப்வேயில் மோலா என்ற ஊருக்குப் போனார். கரிபா அணைக்காக இடம்பெயர்க்கப்பட்ட தொங்கா மக்களின் ஊர் அது. வழக்கமும் சம்பிரதாயமும்தான் பெண்களைத் தடுக்கின்றன என்ற பேச்சைக் கேட்டுப் போனவர் அங்கே கண்டது வறுமையை. ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருக்கிறதென்றால், பிற்காலத்தில் சம்பளம் கிடைக்கக்கூடியவன் என்று பெற்றோர் ஆணை அனுப்பினார்கள். 1993 இல் 32 பெண் பிள்ளைகளுக்கு உதவி கொடுத்து அவர் தொடங்கியதுதான் இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் இயங்கும் காம்ஃபெட். அந்த அமைப்பின் உதவியில் படித்து முடித்த பெண்களே தம் ஊரில் அடுத்த பிள்ளைகளைத் தம் சொந்தக் காசில் படிக்கவைக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி அதுதான். ஊரில் யார் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள், எந்த வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறது என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

இப்போது நான் கேட்க நினைப்பதைச் சொல்கிறேன். 7 ஆம் வகுப்பு வரை ஏதோ ஒரு பள்ளி நடை தூரத்தில் இருக்கிறது. 8 ஆம் வகுப்புக்கு மேல்நிலைப் பள்ளி இருபது கிலோமீற்றர் தள்ளி இருக்கும். விடுதிக் கட்டணம் இலவசத் திட்டத்துக்குள் அடங்கவில்லை. 2022 இல் தொகுதி அபிவிருத்தி நிதியை 1.6 மில்லியன் குவாச்சாவிலிருந்து 25.7 மில்லியனாக உயர்த்தி அதிலிருந்து விடுதிப் பிள்ளைகளுக்கு உதவுகிறார்கள். ஆனால் கேட்பவர்கள் அதிகம், விடுதியில் கட்டிலும் குறைவு. ஆகவே பிள்ளைகள் பள்ளிக்கு அருகே ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு பேராகத் தங்குகிறார்கள். ஞாயிறு பின்னேரம் தலையில் சோளமாவைச் சுமந்து வருவார்கள். தாங்களே விறகு பொறுக்கி ன்சிமா என்ற சோளமாக் களி கிண்டிச் சாப்பிட்டுப் படுப்பார்கள். பெரியவர்கள் ஒருவரும் கூட இல்லை. கதவுக்குப் பூட்டும் இல்லாத குடிசைகளை நான் பார்த்தேன். வியாழக்கிழமை மா முடிந்துவிடும். அந்த நேரத்தில் ரொட்டியும் சீனியும் கொண்டு கதவடிக்கு வருகிற ஆண்கள் இருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு என்ன ஆவாள் என்று உனக்கு எழுதவேண்டியதில்லை. இதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை, மகளே.

பிள்ளை பெற்ற பெண் திரும்பவும் பள்ளிக்கு வரலாம் என்ற கொள்கை இந்த நாட்டில் 1997 இலிருந்து உண்டு. நல்ல கொள்கை. ஆனால் குழந்தையை யார் பார்ப்பது? அடுத்த கிராமத்தில் ஒருத்தி திரும்பி வந்து 12 ஆம் வகுப்பை முடித்தாள். அவளுடைய அம்மா தன் தோட்ட வேலையைக் குறைத்துக்கொண்டு பேரப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்ததால் முடித்தாள். அந்த அம்மாவுக்கு மாதம் கொஞ்சம் மா கொடுத்திருந்தால் அதுவும் கல்விக்கான உதவிதான்.

எனவே என் விருப்பம் இது. நூலகத்துக்குரிய காசில் ஒரு சில பெண் பிள்ளைகளை 8 இலிருந்து 12 வரை, ஐந்து வருடமும், கைவிடாமல் தாங்குவோம். விடுதியில் இடம் கிடைப்பவளுக்கு விடுதிக் கட்டணம். கிடைக்காதவர்களுக்குப் பள்ளி எல்லைக்குள் பூட்டக்கூடிய ஒரு அறை, மாலையில் கூட இருக்க ஊர்ப் பெண் ஒருவர், அவருக்கு ஒரு சம்பளம், வியாழக்கிழமையும் முடியாத அளவுக்கு மா, அவரை, எண்ணெய். அதிபரிடம் பேசிவிட்டேன், அறை தரச் சம்மதிக்கிறார். நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ளவளுக்கு ஒரு சைக்கிள். பிகார் மாநிலத்தில் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததைப் போலச் சாம்பியாவின் தென் மாகாணத்திலும் மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். வராமல் நிற்பது 28 சதவீதம் குறைந்தது, பிந்தி வருவது 66 சதவீதம் குறைந்தது. இங்கே ஓடும் பஃபலோ சைக்கிள் பாரமானது, பின்னால் தம்பியையும் சோளமூட்டையையும் ஏற்றலாம். ஆனால் டியூப் ஒட்டவும் செயின் மாற்றவும் ஊரில் ஒருவன் வேண்டும். அவனுக்கான செலவையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

பிள்ளைகளைத் தெரிவுசெய்வது நீங்களும் இல்லை, நானும் இல்லை. ஊர்த் தலைவரும் ஆசிரியர்களும் தாய்மார்களும் கூடி, எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லட்டும். ஒளித்துத் தெரிவுசெய்தால் உறவுக்காரப் பிள்ளை உள்ளே வந்துவிடும், விடுபட்ட வீட்டில் மனக்கசப்பு வரும். காசு தரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிள்ளையின் படமும் மாதக் கடிதமும் வேண்டும் என்று உன் நண்பர்கள் கேட்டதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். தான் பெறும் சவர்க்காரத்துக்கு நன்றி எழுதி எழுதி ஒரு பிள்ளை வளரக்கூடாது. தவணைதோறும் வரவும் புள்ளிகளும் செலவுக் கணக்கும் நான் அனுப்புகிறேன், பெயரில்லாமல். அது போதாதென்பவர் இதில் சேராமல் விடட்டும், எனக்கு வருத்தமில்லை.

ஆண் பிள்ளைகளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. சில வருடம் மேய்த்தால் ஒரு மாடு கிடைக்கும் என்று பத்து வயதிலேயே மந்தைக்குப் பின்னால் போகிற பையன்கள் இந்த மாகாணத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்யவேண்டியது வேறு, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஐந்து வருடம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 9 ஆம் வகுப்பில் காசு நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு ஊரில் முகம் கொடுக்கமுடியாது. பெற்றோரும் இன்னொரு முறை யாரையும் நம்பமாட்டார்கள். பத்துப் பேரை ஒரு வருடம் படிக்கவைப்பதைவிட இரண்டு பேரை முடிக்கவைப்போம். ஐந்து வருடத்துக்குரிய காசு முழுவதும் முதலிலேயே பள்ளிக் கணக்கில் இருக்கவேண்டும். எடுப்பதற்கு அதிபரோடு ஒரு தாயும் கையெழுத்திடவேண்டும்.

அப்பாவின் பெயரை வைக்கலாம். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நானே எழுதுகிறேன். சுவரில் வேண்டாம்.

7 ஆம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். டிசெம்பரில் பெயர்களை முடிவுசெய்தால்தான் ஜனவரி முதல் வாரத்தில் சீருடை தைத்து முடிக்கலாம், தையற்காரரிடம் இப்போதே சொல்லிவைக்கவேண்டும். ஆகவே ஐந்து வருடமும் நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை நவம்பர் முடிவதற்குள் எழுது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஆகும் செலவைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குவாச்சாவின் பெறுமதி மாறிக்கொண்டே இருப்பதால், மருமகனிடம் சொல்லி டொலரில் கொஞ்சம் கூட்டியே கணக்குப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அம்மா