‘அரை நாள் போதும்’ என்று மறுபடியும் எழுதிவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் குரோஷியா நாட்டின் டுப்ரோவ்னிக் கோட்டை நகரம் பற்றிய கட்டுரையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2024 பொங்கலுக்கு வந்த சுற்றுலா மலரில் இருந்த அதே கட்டுரை, அதே படங்கள், அதே வரி: ‘பஸ்ஸை விட்டு இறங்கினால் பைல் கேட். வயதானவர்கள்கூட அலுங்காமல் குலுங்காமல் அரை நாளில் சுற்றிவிடலாம்.’

அந்த வரியை நம்பித்தான் அந்த ஆண்டு மே மாதம் நானும் என் மனைவியும் போனோம். திரும்பி வந்ததும் உங்களுக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு வரி பதில் வரவில்லை. பிரசுரிக்கவில்லையே என்று நான் வருத்தப்படவில்லை. அங்கே யாராவது ஒருவர் அதைப் படித்திருந்தால் இந்த வரி மறுபடி அச்சாகியிருக்காதே என்றுதான் மனசு ஆறவில்லை.

எங்கள் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். கிடைத்த ஐந்து நாள் விடுப்பில் எங்களை அழைத்துப் போனான். குரோஷியாவின் இன்னொரு கடற்கரை நகரமான ஸ்ப்ளிட் வரை விமானம், அங்கிருந்து பேருந்து. டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது என்பதே உங்கள் கட்டுரையில் இல்லை. அந்தக் கரையோரச் சாலையில் நெயும் என்ற ஊர்ப் பக்கம் போஸ்னியா நாடு குறுக்கே வந்து கடலைத் தொடுகிறது. 2022 ஜூலையில் பெல்யேஷட்ஸ் பாலத்தைத் திறந்த பிறகு, போஸ்னியாவுக்குள் கால் வைக்காமலே போக முடிகிறது. பேருந்து எந்த வழியாகப் போகிறது என்று கவுண்டரில் இரண்டு முறை கேட்ட பிறகுதான் மகன் டிக்கெட் எடுத்தான்.

ஏன் அப்படிக் கேட்டான் என்றால், எங்கள் விசா ஒற்றை நுழைவு விசா. ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக்கு நேராக 01 என்று இருக்கும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் ஒன்று. போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் ஷெங்கனில் இல்லை. ஒற்றை நுழைவு விசாவோடு எல்லை தாண்டினால் அதே விசாவில் திரும்பி உள்ளே வர முடியாது. திரும்பும் விமானம், தங்குமிடம், பெட்டி எல்லாம் இந்தப் பக்கம், நாம் மட்டும் அந்தப் பக்கம். உங்கள் கட்டுரையோ ‘மூன்றாம் நாள் மோஸ்தார், நான்காம் நாள் கோட்டோர் போய் வாருங்கள்’ என்று சொல்கிறது. மோஸ்தார் போஸ்னியாவில், கோட்டோர் மாண்டினீக்ரோவில். இது ஆசிரியராகிய உங்களுக்குத் தெரியாததா? இந்திய பாஸ்போர்ட்டோடு போகும் வாசகர்களுக்காகத்தானே இந்த இதழ்?

பணம் விஷயமும் அப்படியே. ‘கூனா மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று குரோஷியாவின் பழைய நாணயத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஷெங்கனில் சேர்ந்த அதே 2023 ஜனவரி 1-ல் குரோஷியா யூரோவுக்கும் மாறிவிட்டது. மலர் வந்தபோதே பழசாகிவிட்ட தகவல் இது.

சரி, ஊர் போய்ச் சேர்ந்ததைச் சொல்கிறேன். பேருந்து நிலையம் கோட்டை வாசலில் இல்லை. குரூஷ் என்ற துறைமுகப் பகுதியில் இருக்கிறது, பழைய நகரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். நான் உங்கள் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஓட்டுநரிடம் ‘பைல் கேட்’ என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். மறுபடியும் ‘பைல்’ என்றேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். கடைசியில் மகன் போனில் எழுத்தைக் காட்ட, அவர் ‘ஆ, பிலே!’ என்று சிரித்தார். அந்த வாசலின் பெயர் பிலே. உள்ளூர்க்காரர் எப்படிச் சொல்கிறார் என்று ஒருவரைக் கேட்டு எழுதக் கூடாதா? தாராசுரத்தைப் பற்றி ஒருமுறை எழுதியபோது ‘கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்’ என்று போட்டீர்கள். நான்கு கிலோமீட்டர் தூரம்! என் வீட்டு வாசலில் நின்றால் ஷேர் ஆட்டோ போகும். அப்போதும் எழுதினேன். அதுவும் வரவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ஆறாத விஷயம். எங்கள் அறை மதிலுக்குள், ஸ்ட்ராடூன் என்ற பெரிய தெருவுக்கு வடக்கே இருந்தது. ஸ்ட்ராடூன் சமதளம்தான், முந்நூறு மீட்டர் நீளம், வழவழவென்ற சுண்ணாம்புக்கல். வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதற்கு வடக்கே போகும் ஒவ்வொரு சந்தும் படிக்கட்டு. சந்து என்றால் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிடும் அகலம். பெட்டியை உருட்டவும் கூடாது. சக்கரச் சத்தம் குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்கிறது, தூக்கிச் செல்லுங்கள் என்று நகர நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. நியாயம்தான், அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மகன் இரண்டு பெட்டியையும் மாற்றி மாற்றித் தூக்கினான். என் மனைவிக்கு வயது 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சுவாமிமலையின் 60 படிகளையே இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறவள்.

நான் எண்ணிக்கொண்டே வந்தேன். 94-வது படியில், ஒரு வீட்டு ஜன்னலடியில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. ‘என்னால முடியலங்க, நீங்க போங்க’ என்றாள். கீழே வழியை மறித்துவிட்டோம் என்று வேறு அவளுக்குக் கூச்சம். காலை மடக்கி மடக்கி ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்கார அம்மா, எங்களைவிட மூத்தவர், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் மேலே கையைக் காட்டி ‘பூஷா, பூஷா’ என்றார். மதிலின் வடக்கே பூஷா என்று ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு வெளியே மேட்டில் சாலை. டாக்ஸியில் அங்கே வந்து இறங்கியிருந்தால் எங்கள் அறைக்குப் படி இறங்கித்தான் போயிருப்போம், ஏறியிருக்கவே வேண்டாம். இந்த ஒரு தகவலுக்கு எத்தனை வார்த்தை பிடிக்கும்? உங்கள் கட்டுரையில் கடல் நிறத்தைப் பற்றி மட்டும் மூன்று பத்தி.

கிழக்கே ப்ளோச்சே வாசலும் அப்படித்தான். அங்கே படியில்லாமல் சரிவாக நடந்து உள்ளே வரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அதுதான் தோது. இதை நாங்களாகத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

மறுநாள் விடியலில் மழை. ஸ்ட்ராடூன் கல் ஈரத்தில் சோப்பு நீர் கொட்டிய தரை மாதிரி ஆகிவிட்டது. பிடிப்புள்ள செருப்பு போட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் மனைவி மகன் கையையும் என் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மதில்மேல் நடக்க அவள் வரவில்லை. மொத்தம் 1,940 மீட்டர், ஒரே திசையில்தான் போக வேண்டும். ஏறுவதற்கு மூன்றே இடம், எல்லாம் செங்குத்துப் படி. மேலே போனபின் முடியவில்லை என்று நினைத்த இடத்தில் இறங்க முடியாது. நிழலும் மிகக் குறைவு. பிலே வாசலுக்கு உள்ளே, ஒனோஃப்ரியோ என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பெரிய நீரூற்றின் படியில் அவளை உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஏறினோம். 15-ஆம் நூற்றாண்டு நீரூற்று, கல் முகங்களின் வாயிலிருந்து இன்றும் குடிநீர் விழுகிறது. அவள் பாட்டிலில் பிடித்துக் குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தாள்.

மேலிருந்து பார்த்தால் ஓடுகளில் இரண்டு நிறம். வெளுத்தவை பழையவை, பளிச்சென்ற சிவப்பு, யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போருக்குப் பின் வேய்ந்தவை. 1991 டிசம்பர் 6-ஆம் தேதி ஒரே நாளில் இந்த ஊர்மேல் நூற்றுக்கணக்கான குண்டுகள் விழுந்தன. எங்கெங்கே விழுந்தன என்று குறித்த வரைபடம் வாசலிலேயே மாட்டியிருக்கிறது. உங்கள் கட்டுரையாளரோ ‘காலம் தொடாத நகரம்’ என்கிறார். அந்தத் தண்ணீர் கொடுத்த அம்மா அன்றைக்கு எங்கே இருந்தாரோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மதிலுக்கு அப்போது ஒருவருக்கு 35 யூரோ. அதே 35 யூரோவுக்கு அப்போது டுப்ரோவ்னிக் பாஸ் என்று விற்றார்கள். அதில் மதிலும் அடக்கம், அருங்காட்சியகங்களும் ஒரு நாள் நகரப் பேருந்தும் அடக்கம். இது தெரியாமல் நாங்கள் பேருந்துக்குத் தனியாகக் கொடுத்தோம். பென்ஷன் வாங்குகிறவன் நான். நடுத்தரக் குடும்பங்கள்தான் உங்கள் வாசகர்கள்.

முன்பெல்லாம் வாசகர் கடிதத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்குவீர்கள். போய் வந்தவர்கள் எழுதுவார்கள், தப்பைத் திருத்துவார்கள், அடுத்தவர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு போவார். இப்போது அரைப் பக்கம், அதிலும் பாராட்டு மட்டும். இத்தனை வருடம் சந்தா கட்டியவன் குறை சொன்னால் அதற்கு இடம் இல்லையா?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் கால் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பேருந்து நிலையம் குரூஷில் இருக்கிறது, வாசலின் பெயர் பிலே, படி ஏற முடியாதவர்கள் ப்ளோச்சே வழியாக வரட்டும், வடக்கே தங்குகிறவர்கள் பூஷாவில் இறங்கட்டும், செலவு யூரோவில். இதற்கும் இடமில்லை என்றால், மோஸ்தாருக்கும் கோட்டோருக்கும் ஒற்றை நுழைவு விசாவோடு போகாதீர்கள் என்ற ஒரு வரியை மட்டுமாவது போடுங்கள். கட்டுரையைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் கிளம்பத் தயாராகிறது. அவர்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
31 ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வாசகன்,
கும்பகோணம்