அந்தக் கல்லுக்கு ஒரு ரசீது குடுங்கய்யா

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

உங்க தொல்லியல் ஆபீஸ்ல நாங்க குடுத்த பழங்காலத்துக் கற்கோடரி விஷயமாத்தான் எழுதுறேன், எந்தக் கல்லுன்னு உங்களுக்கே தெரியும். போன வாரம் அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு வந்தப்ப "பூண்டு தட்டுற கல்லுதானம்மா, இதுக்கு எதுக்கு ரசீது"ன்னு உங்க ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்க. முட்டி வலியோட ரெண்டு பஸ் மாறி வந்தவங்க, கடல்பாசி எடுக்கப் போயிருந்தா அன்னிக்குக் கூலியாவது மிஞ்சியிருக்கும். உக்காருங்கன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலைங்கய்யா.

ஆமா, பூண்டு தட்டுன கல்லுதான். தாத்தா கடக்கரையில ஊத்து தோண்டுறப்ப கெடச்சு அத்தனை வருசமும் எங்க அடுப்படியில கெடந்துச்சு. கூர் பக்கம் இன்னும் வழவழன்னு இருக்கு, பின்பக்கம் தட்டித் தட்டிப் பொரிஞ்சு போயிருக்கு, ஒரு பக்கவாட்டுல அருவாமனை தீட்டுன பள்ளம், பெருவிரல் வச்சா அப்படியே உக்காரும். ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி, புதிய கற்காலத்துல ஒருத்தன் செதுக்கி, மணலும் தண்ணியும் போட்டுத் தேய்ச்சு தேய்ச்சு வழவழப்பாக்குன கோடரி அது. மணலும் பவளப்பாறையுமா இருக்குற நம்ம கரையில அந்தக் கருங்கல்லு ஏது, எங்கிருந்தோ யாரோ கொண்டு வந்திருக்கணும், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவங்க நீங்கதானே?

சேர்வராயன் மலையில இந்த மாதிரி கல்லுங்களைப் பிள்ளையார் கோயில்ல வச்சிருந்ததை வெள்ளைக்காரன் காலத்துலயே எழுதி வச்சாங்க. மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூர்ல 2006ல ஒரு வாத்தியார் வீட்டுத் தோட்டத்துல குழி தோண்டுறப்ப கெடச்ச கற்கோடரியைப் பத்தி நாடே பேசுச்சு. சாமியா இருந்ததை எழுதலாம், எங்க அடுப்படியில இருந்ததை எழுதக்கூடாதா?

கேக்குறது ஒண்ணுதான், ரசீது குடுங்க. அதுல எந்த ஊரு, எப்படிக் கெடச்சது, எதுக்குப் பொழங்குனாங்கன்னு எழுதுங்க.

மண்ணுக்கடியில கெடச்சா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878லயே சட்டம் இருக்கு, நாங்க தாத்தா காலத்துல செய்யாததை இப்ப நாங்களா வந்து செஞ்சோம். இப்படி நடத்துனா அடுத்த தடவை எவன் கொண்டு வந்து குடுப்பான்? நம்ம ராமநாதபுரம் கரையில அழகன்குளத்துல 1980கள்லேர்ந்து தோண்டுறாங்க, ரோமானியக் காசு வரைக்கும் கெடச்சிருக்கு, ஆனா இந்தக் கரையில இருக்குற புள்ளைங்க எத்தனை பேரு அதைக் கண்ணால பாத்திருப்பாங்க சொல்லுங்க. கீழடிக்கு 2023ல மியூசியம் வந்துச்சு, மனசாரச் சந்தோசம்தான், எங்க கரைக்கும் அந்த மரியாதை வேணும்னு கேக்குறோம்.

கோவத்துல எங்கெங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. தயவுசெஞ்சு அந்தக் கல்லை பிரஷ் போட்டுத் தேய்க்க வேணாம், அந்தப் பள்ளமும் பொரிஞ்ச பக்கமும் அழிஞ்சா திரும்ப வராது. பானை ஓட்டு மூட்டையோட போட்டு வைக்காம தனியா எடுத்து வைங்க. ரசீதை அப்பத்தா பேருக்கே எழுதுங்க, அவங்களால திரும்ப அலைய முடியாது, தபால்ல அனுப்புனாக்கூடப் போதும்.

இப்படிக்கு,
கல்லைக் குடுத்த வீட்டுப் பேத்தி