“போதும்” என்ற சொல்லுக்காக ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் மகன் எட்டு வயதில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமிலுள்ள ஆட்டிசம் சார்ட்டர் பள்ளியில் (பொதுப்பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும், கட்டணமில்லாப் பள்ளி) சேர்ந்து, 13 ஆண்டுகள் படித்து, இந்த ஜூன் மாதத்தோடு அங்கிருந்து விடைபெறுகிறான். அவன் சார்பிலும் எங்கள் சார்பிலும் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வீட்டு மொழியில் எழுதினால்தான் எங்களுக்கு மனம் நிறையும். அவர்களுக்கு நேரில் படித்துப் பொருள் சொல்வோம்.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தபோது, அழுதுகொண்டிருந்த எங்கள் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காமல் பக்கத்தில் வந்தமர்ந்து, இப்படியொரு பள்ளி இருக்கிறது, விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. அவர் சொல்லும்வரை அப்பள்ளியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களான ஐலீன் லெய்னரும் லாரா ஸ்லாட்கினும் முன்னின்று முயன்றதால் 2005இல் திறக்கப்பட்ட பள்ளி அது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே நியூயார்க் மாநிலத்தில் அமைந்த முதல் சார்ட்டர் பள்ளியும் அதுவே. தனியார் பள்ளிக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய ஓர் ஆசிரியர் என்ற அளவில் பொதுப்பணத்தில் கல்வி கிடைத்தது அவ்விருவரால்தான். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, குலுக்கலில்தான் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்த அன்று, தன் மகளுக்குக் கிடைக்காத ஒரு தாய் எங்கள் கைகளைப் பற்றி வாழ்த்தினார். அவருக்கு நன்றி சொல்லும்போது இன்றும் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்கு முன் நாங்கள் போன ஓரிடத்தில், பிள்ளை பேச வேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்றார்கள். நாங்களும் ஓராண்டு நிறுத்திப் பார்த்தோம். வீடு ஊமையானதுதான் மிச்சம். இந்தப் பள்ளியிலோ முதல் வாரத்திலேயே ஆசிரியை, “சாப்பாடு வேண்டாம் என்றால் வீட்டில் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் சொன்னதும், உள்ளங்கை வரைந்த ஓர் அட்டையின் அடியில் “போதும்” என்று எங்களையே தமிழில் எழுதித் தரச் சொல்லி, அந்த நெடிலைச் சரியாக ஒலிக்கும்வரை தாமும் பயிற்சி செய்தார். அதுவரை வயிறு நிறைந்தால் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வதுதான் அவன் அறிந்த வழி. கடிக்கப் போகும் கணத்தில் கையை மெல்ல அட்டைக்குத் திருப்பி, அவன் அதைத் தொட்டவுடன் தட்டை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தாளில் குறிக்க வேண்டும். நான்கு மாதங்கள் சலிக்காமல் செய்தார்கள். மணிக்கட்டுத் தழும்பு மங்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அதே கட்டடத்திலுள்ள மற்றொரு பள்ளியிலிருந்து வந்து அவனோடு விளையாடிய பிள்ளைகளுக்கும், அவன் ஜன்னலோர இருக்கையை யாருக்கும் விட்டுத்தராத பேருந்து உதவியாளர் அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

சென்ற ஞாயிறு அதே கேன்டீனில் அக்கா அவன் தட்டில் மூன்றாவது தோசையை வைக்கப் போனார். அவன் உள்ளங்கையை உயர்த்தி, அட்டை இல்லாமலே, “போதும்” என்றான். அக்கா தோசையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நன்றியுடன்,
அவன் அம்மாவும் அப்பாவும்
நியூயார்க்