தீக்காய வார்டில் ஆன்டிபயாடிக் கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பையனை மருத்துவம் படி என்று நச்சரிக்காமல் அவன் இஷ்டத்துக்கு விட்டாயே, அதற்கே உனக்குப் புண்ணியம். இங்கே வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது என் தலையில் புதிதாக ஒரு வேலை. தீக்காயப் பிரிவில் யாருக்கு எந்த ஆன்டிபயாடிக் போகிறது, எதற்காக, எத்தனை நாளாக என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்து, வேண்டாததை நிறுத்தச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பாதி ஷீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், ஏன் ஆரம்பித்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. "காய்ச்சல் இருந்தது சார்" என்பார்கள் பி.ஜி. பிள்ளைகள். காய்ச்சல் இல்லாமல் எப்படி இருக்கும்? உடம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டால் கிருமியே இல்லாவிட்டாலும் உடம்பு கொதிக்கும், நாடி ஓடும், வெள்ளணுக்கள் ஏறும். அதனால்தான் 2007-இல் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளையே தாக்கும் நிலை, என்று சந்தேகிக்கவே காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்று வைத்தது, அதுவும் தனியாகப் போதாது, நாடி 110-க்கு மேல், மூச்சு 25-க்கு மேல், தட்டணுக்கள் குறைவது, சர்க்கரை ஏறுவது, குழாய் வழி உணவு ஏற்காமல் போவது என்று பட்டியலில் குறைந்தது மூன்று சேர்ந்து வர வேண்டும். இங்கே 38.2 ஆனதுமே மெரோபெனம் என்ற பெரிய ஆன்டிபயாடிக் பாட்டில் தொங்குகிறது.

அப்புறம் கல்ச்சர் தொல்லை, அதாவது என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை. புண்ணின் மேல் பஞ்சை ஒற்றி அனுப்பினால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். முதல் சில நாளில் முடிக்கால்களில் மிஞ்சிய ஸ்டெஃபைலோகாக்கஸ், ஒரு வாரத்துக்குள் நோயாளியின் குடலிலிருந்தோ நம் கையிலிருந்தோ சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர். அது மேலே குடியிருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்பதை ரிப்போர்ட் சொல்லாது, புண்ணைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டுக்கு மருந்து கொடுத்தால் கடைசி ஆயுதமான கோலிஸ்டின் வரை போய் நிற்போம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, அதற்குப் பின் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்து செத்த தோலில் ரத்த ஓட்டமே கிடையாது, ரத்தக்குழாய் வழியாக எவ்வளவு ஏற்றினாலும் மருந்து அங்கே போய்ச் சேராது. சீக்கிரமே அதை வெட்டி எடுத்து ஒட்டுத்தோல் வைப்பதும் ஒழுங்கான டிரெஸ்ஸிங்கும் கை கழுவுவதும்தான் முதல் வைத்தியம். ஆனால் தியேட்டர் நேரம் கிடைப்பதைவிட ஊசி கிடைப்பது சுலபம், அதுதான் நிஜம்.

இதில் எனக்கு நிஜமாகவே உறைத்தது வேறு ஒன்று. தேவையில்லாதவனுக்கு நாள் கணக்கில்லாமல் போகிறது, நிஜமாகத் தொற்று வந்து மருந்து தேவைப்படுகிறவனுக்கோ டோஸ் பத்துவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தாண்டியதும் பெரிய தீக்காயக்காரரின் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியே தள்ளும், அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருக்கும், உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கும். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் நார்மல் என்று பார்த்து வழக்கமான டோஸ் எழுதினால் வான்கோமைசினும் அமிக்காசினும் ரத்தத்தில் போதிய அளவைத் தொடாமலே போகக்கூடும். "ஆன்டிபயாடிக்கைக் குறை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிபவன் என்றுதான் வார்டில் என்னை நினைக்கிறார்கள், இரண்டு பேருக்கு டோஸைக் கூட்டச் சொன்ன பிறகுதான் முகம் கொஞ்சம் மாறியது.

நிறுத்துவது மட்டும் இன்னும் கஷ்டம்தான். ஆரம்பிக்க ஒருவர் போதும், நிறுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி டூட்டியில் தனியாக நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும். அதனால் எழுதும்போதே காரணத்தையும், 48 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். சிலர் எழுதுகிறார்கள், சிலருக்கு நான் வந்தாலே அவசர வேலை வந்துவிடுகிறது.

உங்கள் இடத்தில் வான்கோமைசின் அளவை ரத்தத்தில் பார்க்கிறீர்களா? ரிப்போர்ட் அன்றே வருகிறதா, எவ்வளவு செலவு ஆகிறது என்று எழுது, இங்கே கேட்டு வாங்க எனக்கு உதவும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் சொல். எனக்கு அந்த வாரம் லீவு கிடைக்காது, ஏன் என்று உனக்கே தெரியும், பொங்கலுக்கு வேண்டுமானால் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்