பிட்காயினின் கடிவாளம் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் பிட்காயின் என்ற மின்னணு நாணயம் குறித்து அண்மையில் வெளியான கட்டுரை, விலை ஏற்ற இறக்கத்தோடு நின்றுவிடாமல் அதன் நிர்வாகத்தைப் பற்றியும் பேச முற்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் அதில் சொல்லப்பட்ட இரண்டு கருத்துகளை ஏற்க முடியவில்லை. பிட்காயின் எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை என்பது ஒன்று. அதை உருவாக்கியவர் சூடிக்கொண்ட சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தெரிந்துவிட்டால், அதை ஆட்டுவிப்பவர் யார் என்பதும் தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டுமே நடந்த வரலாற்றோடு பொருந்தவில்லை.

2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்க ஆவணம் ஒன்றின் வழியாகச் சதோஷி இந்த ஏற்பாட்டை அறிவித்தார். 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட முதல் தொகுதிக்குள், அதாவது கணக்குப் பேரேட்டின் முதல் பக்கத்துக்குள், வங்கிகளுக்கு இரண்டாவது முறையாக மீட்பு நிதி தரும் நிலையில் பிரிட்டன் நிதியமைச்சர் இருக்கிறார் என்ற அன்றைய லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் தலைப்புச் செய்தியைப் பொறித்து வைத்தார். அந்தத் தொகுதி அந்தத் தேதிக்கு முன்பே உருவாக்கி வைக்கப்பட்டதாக இருக்க முடியாது என்பதற்கு ஒரு செய்தித்தாளே சாட்சியாக நிற்பது, பத்திரிகை படிப்பவர்களுக்குச் சிறு பெருமையாகக்கூட இருக்கலாம். ஏற்பாட்டின் சாரம் எளிமையானது. எல்லாக் கணக்கும் எழுதப்பட்ட ஒரே பேரேட்டின் முழுப்படி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பக்கம், அதாவது தொகுதி, சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமைக்காக மைனர்கள் எனப்படுவோர் மின்சாரத்தைச் செலவழித்துப் போட்டியிடுகிறார்கள். பேரேட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு கணினியும், அதாவது நோடும், புதிய பக்கம் விதிப்படி இருக்கிறதா என்று தானே சரிபார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்கிறது. மொத்த நாணயங்கள் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று.

இனி, கடிவாளம் யாரிடம் இருந்தது என்பதைப் பார்ப்போம். 2010 ஆகஸ்ட் 15 அன்று 74,638ஆவது தொகுதியில் ஒரு பரிவர்த்தனை பதிவானது. அதில் கணக்கு எண் போன்ற இரண்டு முகவரிகளுக்குத் தலா 9,200 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்கள் வரவு வைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் கூட்டும்போது எண் தன் எல்லையைத் தாண்டி எதிர்ம எண்ணாக மாறிவிடும் என்பதை நிரல் கவனிக்கத் தவறியதே காரணம். வெறும் இரண்டே கால் கோடிக்கும் குறைவான நாணயங்கள் மட்டுமே இருக்க வேண்டிய ஏற்பாட்டில் ஒரே வரியில் 18,400 கோடி நாணயங்கள் முளைத்துவிட்டன. தொகுதி விசித்திரமாக இருக்கிறது என்று நிரலாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய சில மணி நேரத்துக்குள் சதோஷி திருத்தப்பட்ட மென்பொருளை வெளியிட்டார். எல்லோரும் அதற்கு மாறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. மறுநாளே பழுதான தொகுதிச் சங்கிலியைச் சரியான சங்கிலி முந்திவிட, அந்த 18,400 கோடியும் பேரேட்டிலிருந்து மறைந்தன. அன்று கடிவாளம் சதோஷியின் கையில்தான் இருந்தது என்பதில் ஐயமில்லை. அவர் சொன்னார், மற்றவர்கள் கேட்டார்கள்.

அவர் நெடுநாள் அந்த இடத்தில் இருக்கவில்லை. 2010 டிசம்பரோடு பொதுவெளியில் எழுதுவதை நிறுத்தினார். 2011 ஏப்ரலில் உடன் பணியாற்றிய நிரலாளர் ஒருவருக்கு, தான் வேறு வேலைகளுக்குப் போய்விட்டதாகவும், பிட்காயின் நிரலாளர் கேவின் ஆண்ட்ரீசன் முதலியோரிடம் நல்ல கைகளில் இருப்பதாகவும் எழுதினார். இந்த விலகலைத்தான் நான் மையமான நிகழ்வாகக் கருதுகிறேன். நிறுவனர் சொந்தப் பெயரோடு வெளிப்படையாக இருந்திருந்தால், ஒவ்வொரு பூசலிலும் அவர் வாக்கே இறுதி வாக்காக இருந்திருக்கும். ஏதேனும் ஓர் அரசு அவரை நீதிமன்றப் படியேற்றி விதியை மாற்றச் சொல்லியும் இருக்கலாம்.

அவர் போன பிறகு நடந்த முதல் பெரிய சோதனை 2013 மார்ச்சில் வந்தது. மென்பொருளின் 0.8 பதிப்பு வேறொரு தரவுத்தளத்துக்கு மாறியிருந்தது. அது ஏற்றுக்கொண்ட பெரிய தொகுதி ஒன்றை, 0.7 பதிப்பை வைத்திருந்த கணினிகள் ஏற்க மறுத்தன. பேரேடு இரண்டாகப் பிளந்து, இரண்டும் தனித்தனியே வளரத் தொடங்கின. மைனிங் ஆற்றலில், அதாவது மைனர்களின் கணினித் திறனில், பெரும்பகுதி புதிய பதிப்பின் பக்கம் இருந்தபோதிலும், பழைய பதிப்புக்குத் திரும்புவதே பாதுகாப்பானது என்று ஓர் இணைய அரட்டை அறையில் கூடிய சில நிரலாளர்கள் முடிவு செய்தார்கள். அப்போதைய மிகப்பெரிய மைனிங் கூட்டுகளில் (பல மைனர்கள் ஆற்றலை ஒன்றுசேர்க்கும் அமைப்புகளில்) ஒன்றான பிடிசி கில்டை நடத்தியவர், தான் அதுவரை சேர்த்த தொகுதிகளுக்குக் கிடைத்த புதிய நாணய வெகுமதி வீணாகும் என்று தெரிந்தே பழைய பதிப்புக்கு இறங்கிவந்தார். சில மணி நேரத்தில் பேரேடு மீண்டும் ஒன்றானது. புதிய பதிப்பின் சங்கிலியில் சேர்ந்திருந்த 24 தொகுதிகள் கைவிடப்பட்டன. ஒருவரும் ஒருவருக்கும் உத்தரவு போடவில்லை என்பது உண்மை. ஆனால் அன்றிரவு விழித்திருந்த ஒரு சிலர் எடுத்த முடிவுதான் உலகம் முழுவதற்குமான முடிவாயிற்று என்பதும் அதே அளவு உண்மை. ‘கட்டுப்பாடே இல்லாத நாணயம்’ என்று எழுதும் பத்திரிகையாளர்கள் இந்த இரவைப் பற்றிப் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த பெரிய சோதனை 2017இல் நடந்தது. ஒரு தொகுதிக்கு 1 மெகாபைட் என்ற வரம்பை 2010இல் சதோஷியே வைத்திருந்தார். பயன்பாடு பெருகியபோது அதை உயர்த்த வேண்டும் என்றவர்களும், உயர்த்தினால் சாதாரணக் கணினியில் நோடு வைத்திருப்பது இயலாமல் போகும் என்றவர்களும் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். அந்த மோதலின் நடுவே, 2015 ஆகஸ்டில், சதோஷியின் பழைய மின்னஞ்சல் முகவரி ஒன்றிலிருந்து வரம்பை உயர்த்தும் முயற்சியைக் கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அதில் அவருடைய இரகசியச் சாவியால் (உரியவர் மட்டுமே அறிந்த நீண்ட எண்ணால்) இடப்பட்ட கையொப்பம் இல்லை. உண்மைக் கடிதமா போலியா என்று பேசிவிட்டு, இரு தரப்பாரும் தத்தம் வாதத்தையே தொடர்ந்தார்கள். நிறுவனரின் பெயரில் வந்த ஓலையே வழக்கைத் தீர்க்கவில்லை. 2017 மே மாதம் நியூயார்க்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கூடி, பரிவர்த்தனையின் கையொப்பத் தரவைப் பிரித்து வைக்கும் செக்விட் எனப்படும் மாற்றத்தையும் வரம்பை இரட்டிப்பாக்குவதையும் சேர்த்து நிறைவேற்றுவதாக ஒப்பந்தம் செய்தன. மைனிங் ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் தங்கள் பக்கம் இருப்பதாக அவர்கள் அறிவித்தார்கள். பணமும் இயந்திரமும் அவர்களிடம் இருந்தும், நோடு நடத்திய பயனர்களில் கணிசமானோரும் முதன்மை மென்பொருளை எழுதுபவர்களும் இரட்டிப்பை ஏற்க மறுத்தார்கள். ஆகஸ்டில் செக்விட் நடைமுறைக்கு வந்தது. இரட்டிப்புத் திட்டத்தை அதன் ஆதரவாளர்களே நவம்பர் 8 அன்று கைவிட்டார்கள். பெரிய தொகுதிதான் வேண்டும் என்றவர்களில் ஒரு பிரிவினர் ஏற்கெனவே ஆகஸ்ட் 1 அன்றே பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயத்தோடு பிரிந்து போயிருந்தார்கள்.

ஆக, மென்பொருளை எழுதுபவர்கள், மைனர்கள், நோடு நடத்துபவர்கள், வணிக நிறுவனங்கள் என்று அதிகாரம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இவர்களில் ஒருவர் முன்மொழிவதை மற்றவர் தடுக்க முடியும், தனியே எவரும் நிறைவேற்ற முடியாது. முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடமே இருக்கிறது. சதோஷியால் அடையாளம் காட்டப்பட்ட ஆண்ட்ரீசனே, கிரெய்க் ரைட் என்ற ஆஸ்திரேலியர்தான் சதோஷி என்று 2016இல் நம்பிச் சொன்னதும், ஆண்ட்ரீசனின் கணக்கு களவாடப்பட்டிருக்குமோ என்ற ஐயத்தில் அந்த உரிமை பறிக்கப்பட்டது. பிறகு திருப்பித் தரப்படவில்லை. அந்தச் சிலர் எதை எழுதினாலும், அதைத் தம் கணினியில் நிறுவிக்கொள்வதும் மறுப்பதும் நோடு நடத்துபவரின் விருப்பம்.

மைனர்கள் விஷயத்தில் கட்டுரையாளர் இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். 2014இல் ஜிஹேஷ் என்ற ஒரே கூட்டு, மொத்த ஆற்றலில் பாதியைச் சிறிது நேரம் தாண்டியது. எதிர்ப்பு கிளம்பவே உறுப்பினர்கள் விலகினார்கள், கூட்டும் 40 விழுக்காட்டுக்குள் இருக்க முயல்வதாக உறுதியளித்தது. 2021 வரை பெரும்பான்மை ஆற்றல் சீனாவில் குவிந்திருந்தது. அந்த ஆண்டு சீன அரசு மைனிங்கைத் தடை செய்ததும் உலக ஆற்றலில் ஏறத்தாழ பாதி காணாமல் போனது. ஒவ்வொரு 2,016 தொகுதிகளுக்கும் ஒருமுறை, தொகுதி சேர்ப்பதன் கடினத்தைச் சீர்செய்யும் விதி, ஜூலை 3 அன்று அதை ஒரே அடியாக ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தது. ஓர் அரசின் ஆணை இந்த அளவுக்கு உலுக்க முடிந்தது என்பதையும், பேரேடு ஒருநாளும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் ஆற்றல் வைத்திருப்பவர் பிறர் பரிவர்த்தனைகளைத் தாமதப்படுத்தலாம், தான் செலவழித்ததைத் திரும்பப் பெற்று மோசடி செய்யலாம். பிறர் நாணயத்தை எடுத்துக்கொள்ளவோ மொத்த வரம்பைக் கூட்டவோ அவரால் இயலாது. இன்றும் இரண்டு மூன்று பெரிய கூட்டுகளின் கையில் பாதிக்கு மேல் சேர்ந்துவிடுவது வாடிக்கையாகிவிட்டது. எனக்கு இதுவே, சதோஷி யார் என்ற கேள்வியைக் காட்டிலும் கவலை தருகிறது.

சதோஷியைத் தேடும் படலத்துக்கு வருவோம். 2014 மார்ச்சில் ஓர் அமெரிக்க வார இதழ், கலிஃபோர்னியாவில் அமைதியாக வாழ்ந்துவந்த முதியவர் ஒருவரை, பெரும்பாலும் அவருடைய பெயர்ப் பொருத்தத்தை வைத்து, சதோஷி என்று அறிவித்தது. அவர் மறுத்தார், ஆனால் வீட்டு வாசலில் நிருபர் கூட்டம் முற்றுகையிட்டது. இது இதழியல் துறை வெட்கப்பட வேண்டிய அத்தியாயம். கிரெய்க் ரைட்டோ தானே முன்வந்து உரிமை கொண்டாடியதோடு, மறுத்தவர்கள் மீது வழக்கும் தொடுத்தார். அமெரிக்க வழக்கொன்றில் அவருடையவை என்று பட்டியலிடப்பட்ட முகவரிகளில் 145இன் சாவிகளைக் கொண்டு, 2020 மே மாதம் யாரோ ஒருவர், ரைட் பொய்யர், மோசடிக்காரர் என்ற செய்தியில் கையொப்பமிட்டு வெளியிட்டார். அந்தச் சாவிகள் வேறொருவரிடம் இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2024 மார்ச் 14 அன்று லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி மெல்லர், ரைட் சதோஷி அல்லர் என்று தீர்ப்பளித்தார். அவர் தாக்கல் செய்த ஆவணங்களில் பல போலியானவை என்று பின்னர் வந்த விரிவான தீர்ப்பு பதிவுசெய்தது.

உண்மையான சதோஷி நாளை வெளிப்பட்டால் என்ன ஆகும்? தொடக்கக்காலத் தொகுதிகளின் தடயங்களை 2013 முதல் ஆராய்ந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் செர்ஜியோ லெர்னர், ஒரே மைனர் ஏறத்தாழ 11 லட்சம் பிட்காயின்களை ஈட்டியிருப்பதாகக் கணக்கிட்டார். அந்த மைனர் சதோஷியே என்று பரவலாக நம்பப்படுகிறது. அந்த இருப்பு கிட்டத்தட்ட முழுவதும் இன்றுவரை அசையவில்லை. மொத்த வரம்பில் இது ஐந்து விழுக்காட்டுக்கும் மேல். அது அசைந்தால் சந்தை நடுங்கும், விலை சரியும். ஆனால் விதிகளில் ஓர் எழுத்தைக்கூட அவரால் தனியே மாற்ற முடியாது. செல்வம் வேறு, ஆட்சி வேறு என்ற இந்த வேறுபாட்டைக் கட்டுரை தவறவிட்டதே என் முதன்மையான குறை.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் ஒருவன் இத்தனை நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பிட்காயின் வாங்குபவர்களில் பெரும்பாலோரிடம் சாவி கிடையாது. நாணயத்தை வாங்கி விற்கும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சின் செயலியில் தெரியும் ஓர் எண்தான் இருக்கிறது. சாவி எக்ஸ்சேஞ்சிடம். 2014இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் மூழ்கியபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் போனதாக அறிவிக்கப்பட்டது. பிறகு 2,00,000 மட்டும் கண்டெடுக்கப்பட்டது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனபோது, திருடுபோகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்கும் சேர்ந்தே முடங்கியது. அப்படி முடங்கிய கணக்கு ஒன்றின் வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்து என்று கூறியது. ஆதாயத்தில் 30 விழுக்காடு வரியும், விற்பனையில் 1 விழுக்காடு பிடித்தமும் 2022 முதல் தவறாமல் வசூலாகின்றன. வாடிக்கையாளரின் நாணயத்தை எக்ஸ்சேஞ்ச் எவ்வாறு தனித்து வைக்க வேண்டும் என்பதற்கான முழுமையான சட்டம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

ஆகவே, இக்கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், சதோஷி யார் என்ற ஊகத்துக்கு ஒதுக்கும் இடத்தை, நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் சாவிகளை எங்கே, யார் பொறுப்பில் வைத்திருக்கின்றன, இருப்பை யார் தணிக்கை செய்கிறார்கள், திருட்டு நடந்தால் இழப்பு யார் தலையில் விழும் என்று அவற்றின் ஒப்பந்த விதிகள் சொல்கின்றன என்பதை விசாரித்து எழுதுவதற்குத் தாங்கள் பயன்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி.