குறுந்தகட்டின் ஏழாவது பாட்டு

பாளையங்கோட்டை,
28.12.2023

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மருமகளின் துணையில்லாமல் நீயே செய்தித்தாள் வாசிக்கிறாய் என்று அறிந்து மிகவும் நிம்மதி அடைந்தேன். எனக்கு மூட்டுவலி முன்போலத்தான் இருக்கிறது. மாடி ஏறுவதை விட்டுவிட்டு, கீழறைக்கே கட்டிலையும் பாட்டுக் கேட்கும் பெட்டியையும் இறக்கிக்கொண்டேன். மற்றபடி குறையொன்றும் இல்லை.

நான் அனுப்பிய பி.பி.ஸ்ரீநிவாஸ் குறுந்தகட்டைப் பற்றி நீ எழுதியிருந்த சில வரிகள்தான் இரண்டு நாளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உறையில் காதல் பாடல்கள் என்று அச்சிட்டிருக்கிறார்களே தவிர, பாதிப் பாட்டில் காதலையே காணோம் என்றும், ஒருவன் நிலவைக் கிட்டே வராதே என்கிறான், இன்னொருவன் வாய் பேசாத பெண்ணிடம் பாட்டுக் கேட்கிறான் என்றும், தொகுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு தொகுத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதை எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

இந்தப் பதினாறு பாட்டும் நமக்குப் புதியவை அல்ல. 1960இல் வந்த 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' முதல் 1968இல் வந்த 'தாமரைக் கன்னங்கள்' வரை, அநேகமாக எல்லாவற்றையும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் அலமாரி மேலிருந்த வானொலியில், இலங்கை நிலையத்தின் கரகரப்போடு நாம் சேர்ந்து கேட்டிருக்கிறோம். ஆனால் அப்போது இரண்டு சௌந்தரராஜன் பாட்டுக்கும் ஒரு சுசீலா பாட்டுக்கும் நடுவில் இவருடைய பாட்டு ஒன்று வரும், போகும். ஒரே குரலை ஒரு மாலை முழுவதும் தொடர்ந்து கேட்கும் வாய்ப்பு இந்த வயதில்தான் எனக்குக் கிடைத்தது. அப்படிக் கேட்டபோது ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. இவர் எந்தப் பாட்டிலும் கூட்டத்தைப் பார்த்துப் பாடவில்லை. சௌந்தரராஜனின் குரல் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்; அது அவருடைய பெருமை. ஸ்ரீநிவாஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலப் பாடுகிறார். வாத்தியக்காரர்களும் பாடுபவரும் ஒரே கூடத்தில் சேர்ந்திருந்து ஒரே மூச்சில் பதிவு செய்த காலம் அது. அத்தனை வயலின்களுக்கு நடுவிலும் குரலை உயர்த்தாமல், ஒலிவாங்கியை நம்பி அதன் அருகில் நின்று மெல்லப் பேசுவதுபோல் பாடலாம் என்ற துணிவு அவருக்கு இருந்தது. அதை அறிந்துதான் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அவருக்கென்று கீழ்ச்சுரங்களில் இறங்கி நடக்கும் மெட்டுகளைப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

'காலங்களில் அவள் வசந்தம்' பாட்டை எடுத்துக்கொள். 1961இல் 'பாவமன்னிப்பு' வெளிவந்தபோது நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் பாட்டு கீதையிலிருந்து வந்தது என்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன். பத்தாம் அத்தியாயத்தின் 35ஆம் சுலோகத்தில், மாதங்களில் நான் மார்கழி, பருவங்களில் நான் வசந்தம் என்று கண்ணன் தன்னைச் சொல்கிறான். கண்ணதாசன் அந்த 'நான்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அவள்' என்று வைத்தார். கடவுள் தன்னைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட பிறகு, அதை உரக்கப் பாடினால் முகத்துதியாகப் போய்விடும் அல்லவா? ஸ்ரீநிவாஸ் அதை அடக்கமாக, ஏதோ அவளுக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோலச் சொல்கிறார். பிரதிவாதி பயங்கரம் என்பது அவருடைய குடிப்பெயர். திருமலையில் விடியற்காலையில் ஒலிக்கும் வெங்கடேச சுப்ரபாதத்தை இயற்றிய, பிரதிவாதி பயங்கரம் அண்ணன் என்ற வைணவ ஆசாரியரின் பெயர் அது. எதிர்வாதம் செய்ய வந்தவர்களை அஞ்ச வைப்பவர் என்று பொருள். காக்கிநாடாவில் பிறந்து, வணிகவியல் பட்டம் பெற்று, அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்தவரின் குரலில் யாரையும் அதட்டும் ஓசை ஓரிடத்தில்கூட இல்லை. இந்த மார்கழியில் காலையில் சுப்ரபாதத்தையும் மாலையில் இந்தப் பாட்டையும் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இனி உன் நிலவுக்கு வருகிறேன். 'நிலவே என்னிடம் நெருங்காதே' காதல் பாட்டு இல்லை என்கிறாய். நீயும் நானும் புகுமுக வகுப்பில் இருந்த 1966ஆம் ஆண்டு 'ராமு' வந்தது. விடுதிப் பெண்கள் பதினைந்து பேர் காப்பாளர் அம்மாவுடன் சேர்ந்து போய்ப் பார்த்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாய். கதையை நினைத்துப் பார். போர்முனையிலிருந்து திரும்பியவன், மனைவியை இழந்தவன், பேச்சிழந்த ஒரு மகனை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவன். அவனை ஒருத்தி விரும்புகிறாள். அவள்மேல் அவனுக்கு எந்த நாட்டமும் இல்லாவிட்டால், நெருங்காதே என்று சொல்லவேண்டிய தேவையே அவனுக்கு இராது. பேசாமல் எழுந்து போயிருப்பான். நெருங்கினால் தாங்கமாட்டோம் என்று தெரிந்தவன்தான் அப்படிக் கெஞ்சுவான். பாகேஸ்வரி ராகத்தின் இரவுச் சாயலில் விஸ்வநாதன் அதற்கு மெட்டுப் போட்டிருக்கிறார். பாடும் முறையையும் கொஞ்சம் கவனி. 'நெருங்காதே' என்ற சொல்லில் விலக்குகிற கடுமை துளியும் இல்லை. வாசல்வரை வந்தவரை உள்ளே அழைக்க முடியாமல், கதவையும் சாத்த மனமில்லாமல் நிற்பவரின் குரல் அது. அந்தப் பாட்டைத் தொகுப்பில் சேர்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத்தான் சேர்த்திருப்பார்.

அதே 1966இல் வந்ததுதான் 'கொடிமலர்' படத்தின் 'மௌனமே பார்வையால்'. ஸ்ரீதர் எடுத்த படம். விஜயகுமாரி வாய் பேச இயலாத பெண்ணாக நடித்திருந்தார். பதில் சொல்ல முடியாதவளிடம், நீ பார்வையாலேயே பாடு, அதுவே எனக்குப் போதும் என்று ஒருவன் சொல்கிறான். இரண்டு பேர் மாறி மாறிப் பாடுகிற பாட்டில் பாதிச் சுமையை மற்றவர் ஏற்றுக்கொள்வார். இங்கே அவள் பங்கையும் சேர்த்து இவர் ஒருவரே சுமக்கிறார். அதனால்தான் வரிக்கு வரி நின்று, அவளுக்கு இடம் விட்டுப் பாடுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. இதையும் காதல் பாட்டு இல்லை என்றால், சரோஜா, நான் உன்னோடு இன்னொரு கடிதம் முழுவதும் வாதாட வேண்டியிருக்கும்.

ஜோடிப் பாட்டுகளில் நமக்குள் சண்டை இல்லை. 'யார் யார் யார் அவள் யாரோ', 'ரோஜா மலரே', 'பொன் என்பேன்' எல்லாம் நீயே நன்றாக இருக்கின்றன என்று எழுதிவிட்டாய். 'காத்திருந்த கண்கள்' படப் பாட்டில் அவர் 'காற்று வந்தால் தலை சாயும்' என்று நிறுத்த, சுசீலா 'நாணல்' என்று முடிப்பதையும், அடுத்து காதல் வந்தால் தலை சாய்வது எது என்று வரும்போது அதே சுசீலா 'நாணம்' என்று ஓரெழுத்து மாற்றி முடிப்பதையும், நாம் விடுதி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே விடுகதை போட்டு விளையாடியது உனக்கு நினைவிருக்கும். நீ எப்போதும் சுசீலாவாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடிப்பாய்.

தொகுப்பில் எனக்கும் ஒரு குறை உண்டு. அது நீ சொன்ன குறை அல்ல. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பார். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாட்டை எழுதியவர் ஜெயகாந்தன், மெட்டமைத்தவர் எம்.பி.ஸ்ரீனிவாசன் என்ற செய்தி அதில் இல்லை. எந்தப் பாட்டுக்குமே கவிஞர் பெயர் இல்லை. ஏழாவது பாட்டான 'பாடாத பாட்டெல்லாம் பாடவந்தாள்' பாட்டுக்கு ஸ்ரீநிவாஸ் பெயரை மட்டும் போட்டிருக்கிறார்கள். 1962இல் வந்த 'வீரத்திருமகன்' படப் பாட்டு அது. அதில் எஸ்.ஜானகி ஒரு சொல்கூடப் பாடவில்லை என்பது உண்மைதான். வெறும் முணுமுணுப்பாக, வாய் திறவாத ஓசையாக வருகிறார். ஆனால் அந்த ஓசையை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிஞ்சும்? ஸ்ரீநிவாஸ் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவள் தரும் விடை அதுதானே! சொல் இல்லை என்பதற்காகப் பெயரை விட்டுவிட்டார்கள் என்று பார்த்தபோது எனக்கு மெய்யாகவே மனம் வருந்தியது.

வருந்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். எங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டில் கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரத் துணி முழுவதையும் தேய்த்து அடுக்குவார். தம் சட்டைகளோடு என் புடவைகளையும், நான் பள்ளிக்குக் கட்டிப் போகிற வரிசையிலேயே, திங்கள் கிழமைப் புடவை மேலே வரும்படி அடுக்குவார். முப்பத்தெட்டு ஆண்டில் ஒரு நாள்கூட என்னிடம் அன்பாக ஒரு சொல் சொன்னவர் இல்லை. அது உனக்கும் தெரியும், நானே உன்னிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறேன். தேய்க்கும்போது மட்டும் ஏதோ ஒரு ராகத்தை வாய்க்குள் இழுப்பார். வார்த்தை இருக்காது. இது என்ன பாட்டு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார், ஓசையும் நின்றுவிடும். அதனால் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன மாதம், இந்தக் குறுந்தகட்டை முதன்முதலாகப் போட்டுக் கேட்டபோது, ஏழாவது பாட்டு வந்ததும் கையிலிருந்த கீரையை முறத்திலேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் இழுத்துக்கொண்டிருந்தது ஜானகியின் முணுமுணுப்பு. ஆண் பாடுகிற சொற்களையெல்லாம் விட்டுவிட்டு, நடுவில் வரும் அந்தப் பெண்குரலை மட்டும் பிடித்து வைத்திருந்திருக்கிறார். எத்தனையோ முறை வானொலியில் கேட்ட பாட்டுதான். ஆனாலும் பின்கட்டில் கேட்டதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் போய்ப் பதினொரு ஆண்டு ஆகிறது. அன்று மாலை அந்தப் பாட்டை மட்டும் நான்கு முறை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

உன் பெங்களூர்ப் பக்கத்து வீட்டு அம்மாள், ஸ்ரீநிவாஸ் எங்கள் கன்னடப் பாடகர், நீங்கள் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அவர் கேட்டது நியாயம்தான். எழுபதுகளின் நடுவில் கன்னட நடிகர் ராஜ்குமார் தாமே பாடத் தொடங்கும்வரை திரையில் அவருக்குக் குரல் இவருடையது அல்லவா? இங்கே ஜெமினி கணேசனுக்கு எப்படியோ அப்படி. அந்த அம்மாளையும் உட்கார வைத்து நம் பாட்டுகளைக் கேட்கச் சொல். அவரிடமுள்ள கன்னடப் பாட்டுகளை நீயும் கேட்டு, எவை நன்றாக இருக்கின்றன என்று எனக்கு எழுது.

நாம் ஒரு முறை சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் ஸ்ரீநிவாஸைத் தூரத்து மேசையில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? சட்டைப் பை நிறைய வண்ண வண்ணப் பேனாக்கள், எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பேசலாம் என்றாய் நீ. எழுதுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். 2013ஆம் ஆண்டு சித்திரை முதல் நாள் அவர் காலமானார். மூன்றாம் நாள் ராமமூர்த்தி, அடுத்த மாதம் சௌந்தரராஜன் என்று அந்த ஆண்டு ஒரே மூச்சில் எல்லோரும் போய்விட்டார்கள். அன்று உன் சொல்லைக் கேட்டிருக்கலாம் என்று அந்தச் சித்திரையில் மிகவும் வருந்தினேன்.

பொங்கலுக்குப் பிறகு இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறாய், பேச்சு மாறாதே. கீழறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. வருவதற்கு முன் ஏழாவது பாட்டை ஒரு முறை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுவிட்டு வா. அந்தத் தாளில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஜானகியின் பெயரை நான் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். உன்னிடம் உள்ள தாளிலும் எழுதிவிடு.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் அன்புள்ள,
கோமதி